யாருக்குச் சொந்தம் அந்தத் தென்னந்தீவு?

துணிச்சலும் தந்திரமும் மிகுந்த ஒருவனைக் கண்டால், "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. நகரையே நடுங்க வைத்த அக்கப்பல் எங்கே போய் முடிந்தது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், இந்துமாக்கடலின் நடுவே உள்ள கோகோஸ் தீவுகளுக்கு அருகில், ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் போர்க்கப்பல் அதனைத் தாக்கிற்று. சிதைந்த எம்டன் பவளப்பாறையில் மோதி முடங்கியது. அங்கிருந்த தந்தி நிலையத்தைத் தகர்ப்பதற்காக முன்னரே கரையிறங்கியிருந்த அதன் வீரர்கள், நங்கூரமிட்டு நின்ற ஒரு பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பினர். அந்தப் பாய்மரக் கப்பலின் பெயர் ஆயிஷா. ஆயிஷா மட்டுமன்று, அது நின்ற கடற்கரையும், கரையில் ஆடிய தென்னைகளும், தென்னையின் கீழிருந்த குடிசைகள் நின்ற மண்ணும் அனைத்தும் ஒரே ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தன. ஒரு தீவுக் கூட்டம் எவ்வாறு ஒரு வீட்டின் உடைமையாயிற்று? அங்கு வாழ்ந்த மக்கள் யாருடையவர்களாயினர்? இம்மாதம் அதனைக் காண்போம்.

இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏறத்தாழ நடுவில், பெர்த் நகரிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் தொலைவில் இத்தீவுகள் உள்ளன. எண்ணிக்கை 27, மொத்தப் பரப்போ வெறும் 14 சதுர கிலோமீட்டர். 26 தீவுகள் ஆழமற்ற ஒரு காயலைச் சுற்றி வளையமாக அமைந்திருக்க, வட கீலிங் என்னும் தீவு மட்டும் சுமார் 24 கிலோமீட்டர் வடக்கே தனித்து நிற்கிறது. மலையில்லை, ஆறில்லை. பவள உயிர்கள் கட்டிய மேடுகளே நிலம். மணலுக்கடியில் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். 1836 ஏப்ரலில் இங்கு வந்த சார்லஸ் டார்வின், கடலடியில் எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழ, அதன் மேல் பவளம் வளர்ந்து வளர்ந்து இத்தகைய வளையத் தீவுகள் உண்டாகின்றன என்ற தம் கருத்துக்கு இங்கே சான்று தேடினார். 1842இல் அதனை நூலாகவும் வெளியிட்டார்.

1609இல் வில்லியம் கீலிங் என்னும் ஆங்கிலேய மாலுமி இத்தீவுகளைக் கண்டதாகக் கூறுவர். அதன் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கு மனிதர் குடியேறவில்லை. 1826இல் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேய வணிகர், தம் அடிமைகளாயிருந்த மலாய் ஆண்களையும் பெண்களையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மறு ஆண்டு, ஜான் குளுனீஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் தம் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். இருவருக்கும் பூசல் மூண்டது. ஹேரின் ஆட்கள் ஒவ்வொருவராக ராஸின் பக்கம் சாய்ந்தனர். 1831இல் ஹேர் தீவை விட்டே வெளியேறினார். அம்மக்களோ தங்கிவிட்டனர். அவர்கள் பெயரளவில் விடுதலை பெற்றவர்கள், ஆனால் பெரும்பாலானவற்றில் அடிமைகளாகவே கருதப்படுகின்றனர் என்று டார்வின் அன்றே குறித்து வைத்தார்.

1857இல் பிரிட்டன் இத்தீவுகளைத் தன் ஆட்சிக்குட்பட்டவை என அறிவித்தது. 1886இல் விக்டோரியா அரசியார் இவற்றை ராஸ் குடும்பத்துக்கு நிரந்தர உரிமையாக எழுதிக் கொடுத்தார். ஒரு பட்டயத்தில் நிலம் முழுவதும் கைமாறியது. அந்நிலத்தில் அறுபது ஆண்டுகளாகத் தென்னை நட்டு, கொப்பரை உலர்த்தி, பிள்ளை பெற்று, இறந்தோரை அடக்கம் செய்து வந்த மக்களிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை.

நேர்மையாகச் சொல்வதாயின், அங்கு பட்டினி இல்லை. வேலை உண்டு, குடியிருக்க வீடு உண்டு. ஆனால் கூலியாகக் கிடைத்தது உலகம் ஏற்கும் பணமன்று. ஒரு காலத்தில் ஆட்டுத் தோலில் எழுதிய சீட்டுகள். பிற்காலத்தில் பிளாஸ்டிக் வில்லைகள். அவை தோட்ட உரிமையாளரின் கடையில் மட்டுமே செல்லும். அந்த வில்லையைக் கொண்டு கப்பல் சீட்டு வாங்க முடியுமா? முடியாது. அப்படியும் தீவை விட்டுச் சென்றவர் மீண்டும் வந்து குடியேற இயலாது என்பது வழக்கமாயிருந்தது. பெற்ற தாயை மறுபடி காணும் ஆசையுடையவன் எப்படிப் புறப்படுவான்? இதனால் பூட்டும் காவலும் இல்லாமலே மக்கள் தீவோடு கட்டுண்டு கிடந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள்தொகை பெருகவே, 1948 முதல் 1951 வரை பெருந்தொகையினர் வடக்கு போர்னியோவுக்கும் பிற இடங்களுக்கும் பெயர்ந்தனர். இன்று சபா மாநிலத்தின் தாவாவ் பகுதியில் வாழும் கோகோஸ் மலாய் மக்கள் அவர்களின் வழிவந்தோரே. 1955இல் தீவுகள் ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்கு மாறின. 1974இல் ஐக்கிய நாடுகள் சபையின் தூதுக்குழு வந்து பார்த்துக் குறை கூறிய பின்னர், உலகின் கண் இங்கே திரும்பியது. 1978இல் ஆஸ்திரேலிய அரசு 62,50,000 டாலர் கொடுத்து, குடும்பத்தின் மாளிகையும் அதனைச் சூழ்ந்த நிலமும் நீங்கலாக, தீவுகளை விலைக்கு வாங்கிற்று. குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறையோடு அந்த ஆட்சி முடிவுற்றது.

ஆயினும், விலை கொடுத்து வாங்கியதால் மட்டும் விடுதலை வந்துவிடாது; உரிமையாளர் மாறியதாகவே அது ஆகும். ஆகவே 1984 ஏப்ரல் 6ஆம் நாள்தான் இவ்வரலாற்றின் உண்மையான திருநாள். ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில், அம்மக்களிடம் முதன்முறையாக "நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்று கேட்கப்பட்டது. வாக்காளர்கள் 261 பேர். ஆஸ்திரேலியாவோடு இணைந்த சம உரிமைக் குடிமக்களாக வாழ்வதற்கு 229 பேரும், தளர்ந்த உறவுக்கு 21 பேரும், தனி நாட்டுக்கு 9 பேரும் வாக்களித்தனர். எம்முடிவு சிறந்தது என்பது வேறு பேச்சு. கேட்கப்பட்டார்களே, அதுவே பெரிது.

இத்தனை ஆண்டுகளில் அவர்களிடமிருந்து எவராலும் எழுதி வாங்க முடியாத சொத்தும் ஒன்று உண்டு. அது அவர்களின் மலாய் மொழியும் மார்க்கமும். இன்று மொத்தம் சுமார் 600 பேர் வாழும் இத்தீவுகளில், மலாய் மக்களின் ஊராகிய ஹோம் தீவில் பாங்கோசை ஒலிக்கிறது. நோன்புப் பெருநாள் ஊரே கூடும் விழாவாக நடைபெறுகிறது. அடிமைகளாய் வந்த முன்னோர் பிள்ளைகளுக்கு நிலம் விட்டுச் செல்லவில்லை. விட்டுச் சென்றது இதைத்தான்.

இன்று வேறொரு கவலை சூழ்ந்துள்ளது. கடல் மட்டம் உயர, சில மீட்டர் உயரமே உள்ள கரைகள் அரிக்கப்படுகின்றன. காலப்போக்கில் மக்கள் இடம்பெயர வேண்டிவரும் என்ற பேச்சும் எழுந்துள்ளது. கடலோடு வழக்காட முடியாது. ஆனால் 1886இல் கேட்காமல் விட்ட கேள்வியை இம்முறை மறக்காமல் முதலில் கேட்க வேண்டும். தோட்டமானாலும் தொழிலகமானாலும் நம் வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளமானாலும், பிறர் உழைப்பின் மீது அதிகாரம் பெற்ற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே அன்றோ?