ஊதியமில்லா உழைப்பும் நம் நன்றிக்கடனும்

ஃபஜ்ருத் தொழுகைக்கு நம்மை எழுப்புவது இன்று பெரும்பாலும் கைபேசியே. பாங்கு நேரத்தையும் கிப்லாவின் திசையையும் அதிலேயே பார்க்கிறோம். குர்ஆனையும் அதிலேயே ஓதுகிறோம். அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து திரையில் தோன்றுவதும், கீழே தமிழ் மொழிபெயர்ப்பின் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமர்வதும் தாமாக நிகழ்வன அல்ல. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அப்பணியைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல மென்பொருள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்று மூலநிரலோடு திறந்து வைக்கப்படுவதே திறமூல மென்பொருள்.

இணைய உலகின் அடித்தளம் இத்தகைய மென்பொருள்களே. அவற்றுள் சிலவற்றுக்கு நிறுவனங்களின் ஆதரவு உண்டு. பலவற்றையோ ஓரிருவர், வேலை முடிந்து வீடு திரும்பிய பின், ஊதியமின்றிப் பராமரிக்கின்றனர். எழுதி வெளியிடுவதோடு அவர்கள் கடமை முடிவதில்லை. பிழைகளைத் திருத்த வேண்டும். பாதுகாப்புக் குறைகளை அடைக்க வேண்டும். முன்பின் அறியாதவர்களின் கோபத்துக்கும் விடையளிக்க வேண்டும்.

இச்சுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எக்ஸ்இசட் என்னும் மென்பொருளே சான்று. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் அதனைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் லாஸ்ஸே காலின். வேலை தாமதமாகிறது என்று அறிமுகமில்லாத சிலர் அவரை நெருக்கினர். தம் மனநலம் நெடுநாளாகக் குன்றியிருப்பதையும், இது ஊதியமில்லாத பணி என்பதையும் 2022இல் அவர் வெளிப்படையாகவே கூறினார். அப்போது உதவிக்கரம் நீட்டிய ஒருவர் சிறுகச் சிறுக நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பிலும் பங்கு பெற்றார். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான இரு பதிப்புகளில் அந்தக் கணக்கின் வழியாக இரகசியப் பின்வாசல் ஒன்று நுழைக்கப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டுபிடித்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும் ஆபத்து நீங்கியது. ஆயினும், களைத்துப்போன ஒரு மனிதரைத் தாங்க ஆளில்லாத இடைவெளியில்தான் தீமை நுழைந்தது என்பதை மறக்கலாகாது.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஒரு பெண்மணியின் செய்தியை நாம் அறிவோம். அவர் இறந்தபோது, சிறிய விஷயம் என்று கருதித் தோழர்கள் நபியவர்களிடம் தெரிவிக்காமலேயே அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணாமல் விசாரித்த நபியவர்கள், அடக்கத்தலத்தைக் கேட்டறிந்து, அங்கு சென்று தொழுதார்கள். கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளியைத் தேடிச் செல்வது நபிவழி. நாமோ செயலி நின்றுபோனால்தான் அதற்குப் பின்னால் ஒருவர் இருப்பதையே நினைக்கிறோம்.

"இது ஸதக்கத்துல் ஜாரியா, கூலியை அல்லாஹ் தருவான்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அதில் ஐயமில்லை. ஆனால் அது உழைப்பவர் தம் உள்ளத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய நிய்யத். பயன்பெறுபவர் தம் பணப்பையை மூடிக்கொள்ளச் சொல்லும் சாக்கு அன்று. இமாமின் சம்பளம் முதல் மதரஸா உஸ்தாதின் சம்பளம் வரை இதே சொல்லால் நாம் பலமுறை தட்டிக்கழித்திருக்கிறோம்.

"அவர்களாகத்தானே முன்வந்தார்கள்?" என்றும் கேட்கலாம். ஆம், மனமுவந்து தந்தார்கள். அதனாலேயே அதிகாரத்தோடு கேட்கும் உரிமை நமக்கில்லை. இரவு பகலாக வணக்கத்தில் மூழ்கிய அபூதர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததை நபியவர்கள் உண்மை என்று ஏற்றார்கள். வணக்கத்துக்கே அந்த எல்லை என்றால் மென்பொருளுக்கு இல்லையா? இயலாதபோது நிறுத்திக்கொள்வதும் பொறுப்பைத் தக்கவரிடம் ஒப்படைப்பதும் குற்றமல்ல.

நாம் செய்யக்கூடியவை எளியவை. ஸகாத்தை இதில் கலக்க வேண்டாம். அதற்குரிய எட்டு வகையினரை குர்ஆனே வரையறுத்துள்ளது. பொதுவான ஸதகாவிலிருந்து ஆண்டுக்கொரு தொகையை, தாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஒரு ஜமாஅத் ஒதுக்கலாம். அதனால் இலாபம் ஈட்டும் வணிகர்கள் அதைச் செலவுக் கணக்கிலேயே சேர்க்கலாம். நிரல் அறிந்த இளைஞர்கள் மாதத்தில் சில மணிநேரம் பிழை திருத்த உதவலாம். எதுவும் இயலாதவர்கள் குறையைச் சொல்லும்போது அதபோடு சொல்லலாம். ஒரு நன்றியும் சேர்த்துச் சொல்லலாம். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்பது நாம் கற்ற பாடம்.

நாளை ஃபஜ்ருக்குக் கைபேசி ஒலிக்கும்போது, அதை ஒலிக்கச் செய்தவர்களுக்காகவும் ஒரு துஆ செய்வோம். அதோடு நின்றுவிடாத நற்பேற்றையும் அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.