தலைக்கணக்கும் மரக்கணக்கும்

காடு அழிகிறதே என்றால், “ஜனம் பெருகினால் காடு குறையத்தானே செய்யும்” என்று கைகழுவிவிடுகிறோம். பிரேசிலின் அமேசான் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. 2004-இல் அங்கே சுமார் 27,700 சதுர கிலோமீட்டர் காடு வெட்டப்பட்டது; 2012-இல் அது சுமார் 4,600 ஆகச் சுருங்கியது. இடையில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தான் செய்தது. மாறியது அரசின் கண்டிப்பு: செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், புதிய காப்புக்காடுகள், விதிமீறிய பண்ணைகளுக்குக் கடன் மறுப்பு. புதிதாக வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று 2006-இல் பெரிய வணிகர்களும் ஒப்புக்கொண்டார்கள். பிடி தளர்ந்ததும் 2021-இல் வெட்டு 13,000-ஐத் தொட்டது. அழித்த நிலத்தில் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சலுக்கே போகிறது. அந்த இறைச்சியும் சோயாவும் கடல் கடந்தும் விற்பனையாகின்றன. நெடுஞ்சாலை ஒன்று நுழைந்தால் மீன்முள்ளாய்க் கிளைச்சாலைகள் பிரிந்து, வெட்டுபவரை உள்ளே கொண்டுபோய் விடுகின்றன. மக்கள்தொகைக்குப் பங்கே இல்லை என்பதல்ல. ஆனால் அதைக் குறைசொல்வது எளிது, அதற்கு முகவரி கிடையாது. சாலைக்கு அனுமதி தந்த அமைச்சகத்துக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் முகவரி உண்டு. கேள்வி அங்கே போகட்டும்.