அறிவிப்பும் ஒரு கடன்தான்

மேட்டூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேப்பரைப் பிரித்ததும் தலைப்புச் செய்திக்கு முன்னால் கண் தேடுவது அணையின் நீர்மட்டத்தைத்தான். இத்தனை அடி, வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை. சதுரங்காடிப் பக்கம் டீ குடிக்க வருகிறவர்கூட, 'என்னங்க, தண்ணி ஏறுச்சா, இறங்குச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸைக் கையில் எடுப்பார். முழுக் கொள்ளளவு 120 அடி. பாசனத்துக்குத் திறக்கும் தேதி ஜூன் 12. சின்னப் பிள்ளைக்கும் இது மனப்பாடம்.

2024-ல் அந்தத் தேதி தவறியது. அணையில் போதுமான தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட 46 நாளும் டெல்டா விவசாயி கேட்டார், எதிர்க்கட்சிகள் கேட்டன, பத்திரிகைகள் கேட்டன. தேதி என்று ஒன்று இருந்தால், தவறும்போது யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அதுதான் முறை.

அதே 2024-ல் இன்னொரு தேதியும் தவறியது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

2021 ஜனவரி 1. புத்தாண்டுப் பரிசாக செல்வராகவன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டாம் பாகம். நாயகன் தனுஷ். வெளியீடு 2024. கூடவே ஒரு போஸ்டர். அதற்கு முந்தின நாள்தான் முதல் பாகத்தைத் தியேட்டர்களில் மறுபடி ரிலீஸ் செய்திருந்தார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள். எல்லாப் பத்திரிகைகளும், எல்லாச் சேனல்களும் செய்தி போட்டன. சோழ இளவரசன் வரப்போகிறான்!

2024 வந்தது, போனது. இளவரசன் வரவில்லை.

சினிமாவில் படம் நின்றுபோவது உலக வழக்கம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். படம் வராததில் எனக்குக் கோபமில்லை. அறிவிப்பைச் செய்தியாகப் போட்ட நாம், வராததைச் செய்தியாகப் போடவில்லையே, அதில்தான் கோபம்.

செல்வராகவன் சாதாரண ஆள் இல்லை. 'காதல் கொண்டேன்', '7ஜி ரெயின்போ காலனி' என்று ஜெயித்துக்கொண்டே வந்தவர். 2006-ல் 'புதுப்பேட்டை', 2010 பொங்கலுக்கு 'ஆயிரத்தில் ஒருவன்'. இந்த இரண்டும்தான் அவரை 'கல்ட்' இயக்குநர் ஆக்கின. அதாவது, ரிலீஸானபோது பாதிப்பேர் முகம் சுளித்த படங்கள், பிற்பாடு டி.வி.டி-யிலும், டி.வி-யிலும், செல்போனிலும் பார்த்துவிட்டு 'அடடா, காலத்தை மிஞ்சிய படம்' என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட படங்கள்.

பி.காம் படித்தவனுக்கு இந்த 'கல்ட்' என்ற வார்த்தையைக் கேட்டதும் 'குட்வில்' ஞாபகம் வரும். ஒரு கடைக்கு ஊரில் நல்ல பேர் இருக்கலாம். ஆனால் தானாக வளர்ந்த அந்த நல்ல பேரைச் சொத்து என்று ஏட்டில் எழுதக் கூடாது. யாராவது காசு கொடுத்து அதை வாங்கினால்தான் எழுதலாம். கல்ட் அந்தஸ்தும் அப்படித்தான். நீங்களும் நானும் பதினைந்து வருஷம் கழித்து 'மாஸ்டர் பீஸ்' என்று எழுதினால், தயாரிப்பாளர் பாஸ்புக்கில் ஒரு ரூபாய் ஏறாது. அதைக் காட்டி வங்கியிலோ ஃபைனான்ஸியரிடமோ கடன் வாங்க முடியாது. அவர்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று: போன படம் போட்ட காசை எடுத்ததா?

எடுத்ததா? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

2021 ஆகஸ்டில் செல்வராகவனே ட்விட்டரில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்தார். 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் உண்மையான பட்ஜெட் 18 கோடி. பிரம்மாண்டமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 32 கோடி என்று வெளியே சொன்னார்களாம். போட்ட 18 கோடியைப் படம் எடுத்துவிட்டது. ஆனால் 32 கோடிக் கணக்கில் பார்த்ததால் 'சுமார்' என்று பேர் வாங்கியது. எந்தச் சூழ்நிலையிலும் இனி பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டதாகவும் எழுதினார்.

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற மனசு கோடம்பாக்கத்தில் அபூர்வம். அதற்கு ஒரு சபாஷ். ஆனால் கணக்கைப் பாருங்கள். நடுவில் இருக்கிற அந்த 14 கோடி எங்கே? எங்கேயும் இல்லை. செலவாகவும் இல்லை, வரவாகவும் இல்லை. யாரும் போடவில்லை, யாரும் எடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன கணக்குப்படியே பார்த்தால், ஒரு படத்தின் தலையெழுத்தை மாற்றியது அந்த இல்லாத 14 கோடிதான். காசைத் திருப்பித் தந்த படத்தை, தோற்ற படமாக்கியது.

அந்த 32 கோடியை ஊருக்கெல்லாம் சொன்னது யார்? நாம். யாராவது ஒருத்தர் 'செலவுக் கணக்கைக் காட்டுங்கள்' என்று கேட்டோமா? கேட்கவில்லை. 'பிரம்மாண்டம்' என்று தலைப்புப் போட வசதியாக இருந்தது, போட்டோம்.

அப்புறம் வந்த அறிவிப்புகளையும் அப்படித்தான் போட்டோம். 2015-ல் சிம்புவை வைத்து 'கான்' என்றார்கள். நின்றுபோனது. 2016-ல் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை' 2021 மார்ச்சில்தான் தியேட்டரைப் பார்த்தது. 'புதுப்பேட்டை' இரண்டாம் பாகம் பற்றி எத்தனை முறை பேச்சு கிளம்பியது என்று எண்ணவே முடியாது. 2024 டிசம்பரில் ஜி.வி.பிரகாஷை வைத்து 'மெண்டல் மனதில்' அறிவிப்பு. 2025 புத்தாண்டுக்கு '7ஜி ரெயின்போ காலனி' இரண்டாம் பாகத்தின் ஃபர்ஸ்ட் லுக். ஒவ்வொன்றுக்கும் துள்ளினோம். ஒவ்வொரு முறையும், முந்தைய அறிவிப்பு என்னாச்சு என்று கேட்க மறந்தோம்.

செல்வராகவனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கௌதம் மேனனின் 'துருவ நட்சத்திரம்' டீசர் 2017-ல் வந்தது. 2023 நவம்பர் 24 ரிலீஸ் என்று விளம்பரமெல்லாம் வந்து, கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. தொழிலே இன்றைக்கு இப்படித்தான் நடக்கிறது. தலைப்பு ஒரு செய்தி, ஃபர்ஸ்ட் லுக் ஒரு செய்தி, மோஷன் போஸ்டர் ஒரு செய்தி, டீசருக்கு நேரம் குறிப்பதும் ஒரு செய்தி. ரசிகன் 'அப்டேட், அப்டேட்' என்று கத்துகிறான். பசித்தவனுக்குச் சோறு போடாமல் மெனு கார்டை மாற்றி மாற்றிக் காட்டுகிற ஓட்டல் ஆகிவிட்டது சினிமாச் செய்தி.

'கலைஞனுக்குக் கெடு வைக்கலாமா சார்? கற்பனை என்ன, கவர்மென்ட் ஆபீஸா?' என்று ஒரு கட்சி கிளம்பும். வைக்க வேண்டாம். தியாகராஜன் குமாரராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் 'ஆரண்ய காண்டம்'. ஓடவில்லை, தேசிய விருது வாங்கியது. அடுத்த படம் 'சூப்பர் டீலக்ஸ்' வந்தது 2019 மார்ச்சில். எட்டு வருஷம்! எடுத்துக்கொள்ளட்டும், அது அவர் உரிமை. படம் வந்த அன்றைக்கு அந்த எட்டு வருஷத்தை யாரும் குறை சொல்லவில்லை. தாமதம் குற்றமில்லை. தானாக ஒரு வருஷத்தைச் சொல்லிவிட்டு, அது கடந்த பிறகு விளக்கம் தராமல் இருப்பதுதான் குற்றம்.

தேதி சொல்லித் தொழில் செய்வது சினிமாவுக்கு ஒத்து வராது என்பவர்கள் மேட்டூரிலிருந்து பஸ் ஏறிச் சேலம் போகலாம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938-ல் இவர்கள் எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், 1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', அதுவும் இவர்களுடையதுதான். கண்டிப்புக்குப் பேர் போனவர் சுந்தரம். அங்கே 'புதுப்பேட்டை' எடுத்திருக்க முடியுமா? முடியாது. ஃபாக்டரியில் கனவு விளையாது என்பதும் உண்மை. ஆனால் இன்ன பணம், இத்தனை நாள், இன்ன தேதிக்குப் படம் என்கிற ஒழுங்கு சினிமாவுக்கு அந்நியமில்லை. அது நம்ம ஊர்ச் சரக்குதான்.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2013-ல் இதே செல்வராகவன் 'இரண்டாம் உலகம்' எடுத்தார். குறைகள் நிறைய. ஆனாலும் தமிழில் யாரும் தொடாத கற்பனை உலகத்தைக் கட்டிப் பார்த்த படம். நாம் என்ன செய்தோம்? கிண்டல் செய்து வீட்டுக்கு அனுப்பினோம். அவ்வளவு பெரிய கனவுக்குப் பணம் போட அதன் பிறகு யாருக்குத் தைரியம் வரும்? பிற்காலத்தில் அவரை நடிகராகவே அதிகம் பார்த்தோம். 'பீஸ்ட்', 'சாணிக் காயிதம்', 'பகாசூரன்', 'ராயன்'. நன்றாகவே நடிக்கிறார். ஆனால் நமக்கு இருக்கிற நல்ல நடிகர்கள் எத்தனையோ பேர். 'ஆயிரத்தில் ஒருவன்' எடுக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இதில் இழப்பு யாருக்கு என்பதுதான் விஷயம். கதாநாயகனுக்கு இல்லை, அவருக்கு அடுத்த படம் காத்திருக்கும். உதவி இயக்குநர் ஒருவர், 'பெரிய படம் சார், உடனே ஆரம்பிச்சிடுவோம்' என்ற பேச்சை நம்பி வேறு வேலைக்குப் போகாமல் மேன்ஷனில் காத்திருப்பார். அட்வான்ஸ் வாங்கிய கலை இயக்குநரிடம் ஆசாரிகள் தேதி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அறிவிப்பை நம்பி வட்டிக்குப் பணம் புரட்டுகிற சின்ன விநியோகஸ்தர் இருப்பார். இவர்களில் யாருக்கும் ஃபர்ஸ்ட் லுக் கிடையாது. அறிவிப்பு பொய்த்தால் கையைச் சுட்டுக்கொள்வது இவர்கள்தான்.

கணக்குப் பாடத்தில் ஒரு பழைய விதி: வரப்போகிற லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒதுக்கி வை. சினிமாச் செய்தி எழுதுகிற நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். இனிமேல் ஓர் இயக்குநர் அடுத்த படத்தை அறிவித்தால் மூன்று கேள்வி கேட்போம். பணம் யாருடையது? கதை எழுதி முடித்தாயிற்றா? சொன்ன தேதியில் வராவிட்டால் யார் பதில் சொல்வது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது செய்தி இல்லை, ஆசை. ஆசையை ஆசை என்றே எழுதுவோம். பதில் இருந்தால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தத் தேதியில் போய்க் கதவைத் தட்டுவோம்.

செல்வராகவன் மீது எனக்கு மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் கேட்கிறேன். 18-ஐ 32 என்று சொன்னது தப்பு என்று தைரியமாக ஒப்புக்கொண்டவர், 2024 என்று சொன்னது என்னாயிற்று என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லட்டும். நாமும், அடுத்த முறை அவர் கனவு கண்டால் 'கல்ட்' ஆகும் வரை காத்திருக்காமல், முதல் வாரமே டிக்கெட் எடுப்போம்.