மூன்று பேருக்கு மட்டும்

வானில் அடையாளம் தெரியாத பொருட்கள் வருகின்றன என்கிறது ரேடியோ. பறக்கும் தட்டா, ஏவுகணையா? தெருவில் டாக்டர் வீட்டில் மட்டுமே பதுங்கு அறை. காற்று மூன்று பேருக்குத்தான். சற்று முன் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன அண்டை வீட்டார் கெஞ்சுகிறார்கள். தங்களில் ஒருவரையே வந்தேறி என்று ஏசுகிறார்கள். கடைசியில் குழாயால் இடித்துக் கதவைத் தகர்க்கிறார்கள். வந்தவையோ வெறும் செயற்கைக்கோள்கள்!

ராட் செர்லிங் எழுதிய இந்த 'ட்வைலைட் ஸோன்' டி.வி. கதை அமெரிக்காவில் ஒளிபரப்பானது 1961 செப்டம்பர் 29-ல். மிகை என்று ஒதுக்கிவிட முடியாது. பெர்லின் நெருக்கடியையொட்டி ஜனாதிபதி கென்னடி பதுங்கு அறைகளுக்கு நிதி கேட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் தேதியிட்ட 'அமெரிக்கா' என்ற கத்தோலிக்க வார இதழில் ஒரு பாதிரியார், பலவந்தமாக நுழையும் அண்டை வீட்டாரை எந்த வழியிலாவது விரட்டலாம், தவறில்லை என்று எழுதியிருந்தார்.