பூட்டையும் சாவியையும் அறிந்த வர்த்தகர் கடவுச்சொல்லையும் அறிய வேண்டும்

கடையை மூடிய பின்னர் பூட்டை மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது எமது வர்த்தகர்களின் நெடுநாளைய வழக்கம். புறக்கோட்டையிலாயினும் யாழ்ப்பாண நகரிலாயினும் காத்தான்குடியிலாயினும், இரும்புப் பெட்டியின் சாவி எவர் கையில் இருக்கின்றது என்பதைக் கடை உரிமையாளர் ஒருபோதும் மறப்பதில்லை. ஆனால் அதே கடையின் கொடுக்கல் வாங்கல்களும் வாடிக்கையாளர் விபரங்களும் வங்கிக் கணக்கை இயக்கும் வழியும் இன்று ஒரு கணினிக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் அடங்கிவிட்டன. அவற்றின் சாவி எவரெவரிடம் உள்ளது என்று வினவினால், திட்டவட்டமாக விடையளிக்கக் கூடியவர்கள் சிலரே.

இதற்கு அசட்டையை மாத்திரம் காரணமாகக் கூறிவிட முடியாது. பயர்வோல், என்கிரிப்ஷன், பெக்கப் என்று விற்பனைப் பிரதிநிதி அடுக்கிக்கொண்டு போகும்போது, விளங்காத சொற்களுக்குத் தலையசைத்து ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நிலைக்கே உரிமையாளர் தள்ளப்படுகின்றார். தாம் வாங்கியது என்ன, வாங்காமல் விட்டது என்ன என்பதை இழப்பு நேர்ந்த பின்னரே அறிகின்றார். உண்மையில் இச்சொற்கள் குறிப்பவை யாவும் வர்த்தகர் ஏற்கெனவே அறிந்த காரியங்களே.

பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு 2016 பெப்ரவரியில் நேர்ந்த கதி இதற்குத் தக்க உதாரணமாகும். நியூயோர்க்கில் அவ்வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து 95 கோடி டொலருக்கும் அதிகமான தொகையை மாற்றுமாறு, சுவிப்ட் வலையமைப்பினூடாகப் போலிக் கட்டளைகள் அனுப்பப்பட்டன. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸைச் சென்றடைந்தது. மேலும் 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அப்பெயரில் காணப்பட்ட ஆங்கில எழுத்துப் பிழை ஐயத்தைத் தோற்றுவித்தமையால் அத்தொகை மீட்கப்பட்டது. பல கோடி டொலர் பெறுமதியான கட்டமைப்புகள் கண்டறியாத மோசடியை ஒரு பெயரை நிறுத்தி வாசித்த மனிதக் கண் கண்டறிந்தது. அதேவேளை, கொடுக்கல் வாங்கல்களைப் பதிவு செய்யும் அச்சு இயந்திரம் செயலிழந்திருந்ததை வங்கி ஊழியர்கள் வழமையான கோளாறு என்றே கருதினர். திருட்டு வார விடுமுறையையொட்டி நிகழ்த்தப்பட்டமையும் தற்செயலானதன்று.

இந்நிகழ்விலிருந்து வர்த்தகர் அறிய வேண்டிய முதலாவது சொல் 'அடையாள உறுதிப்படுத்தல்' என்பதாகும். கட்டளையிடுபவர் உரியவர்தானா என்பதைச் சரிபார்ப்பதே அது. கடவுச்சொல்லுடன் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் கோருவது இருபடி உறுதிப்படுத்தல். வங்கிப் பெட்டகத்தை இரு அதிகாரிகளின் இரு சாவிகள் சேர்ந்தே திறக்கும் பழைய முறைக்கு இது ஒப்பானது. இரண்டாவது சொல் 'அனுமதி வரம்பு'. காசாளருக்குக் களஞ்சியத்தின் சாவி தேவையில்லை. களஞ்சியப் பொறுப்பாளருக்கு வங்கிக் கணக்கின் கடவுச்சொல் தேவையில்லை. வேலையை விட்டு விலகியவரிடமிருந்து சாவியை மீளப் பெறுவதுபோல் அவரது கணினி அனுமதியையும் அன்றே நீக்க வேண்டும்.

கட்டடத்தின் பாதுகாப்பு வேறு, கணினியின் பாதுகாப்பு வேறு என்ற எண்ணமும் இன்று பொருந்தாது. அமெரிக்காவின் டார்கெட் வர்த்தக நிறுவனத்திலிருந்து 2013 ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விபரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் அந்நிறுவனத்திற்குக் குளிரூட்டல் வேலைகளைச் செய்துவந்த ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைக் களவாடி, அதன் மூலமே உள்ளே நுழைந்தனர். எச்சரிக்கைச் சமிக்ஞைகள் எழுந்தபோதிலும் அவற்றின்மீது உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. வெளியாருக்கு வழங்கும் அனுமதிக்கு எல்லை வகுக்காவிடின், பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசலில் காவலாளியை நிறுத்திய கதையாகவே முடியும்.

பாதுகாப்புக்கெனப் பொருத்தப்படும் கெமராவே பாதுகாப்பின்மைக்கு வழிவகுக்கலாம். 2016 இல் 'மிராய்' என்ற தீங்கு மென்பொருள், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த கெமராக்களையும் அவற்றின் பதிவுக் கருவிகளையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி நடத்தப்பட்ட தாக்குதலால் டுவிட்டர் உள்ளிட்ட பெரும் இணையத்தளங்கள் மணித்தியாலக் கணக்கில் முடங்கின. கெமரா பொருத்த வருபவரிடம் விலையை வினவும் உரிமையாளர், கடவுச்சொல்லை மாற்றித் தருவீரா, பதிவுகளைப் பார்வையிடக் கூடியவர்கள் யார், அவை எத்தனை நாட்களுக்குச் சேமிக்கப்படும் என்ற மூன்று வினாக்களையும் சேர்த்தே எழுப்ப வேண்டும்.

'கப்பம்' என்ற சொல்லை எமது வர்த்தகர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆட்களைக் கடத்திப் பணம் கேட்பதற்குப் பதிலாகத் தரவுகளைச் சிறைப்பிடித்துப் பணம் கேட்பதே ரான்சம்வெயார் எனப்படும் கப்ப மென்பொருளின் தொழில். 2017 மே மாதத்தில் சுமார் 150 நாடுகளில் பரவிய 'வொன்னாகிரை' இவ்வகையைச் சேர்ந்தது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாதிருந்தவர்களே பெரும்பாலும் பாதிப்புற்றனர். 'புதுப்பித்தல்' என்ற சொல்லின் பெறுமதி அதுவே.

எமது அரசாங்கமும் இதற்கு விலக்காகவில்லை. 2023 ஆகஸ்டில் அரச மின்னஞ்சல் கட்டமைப்பு இத்தகைய தாக்குதலுக்கு இலக்காகி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். காலாவதியான மென்பொருள் பாவனையில் இருந்ததுடன், அக்காலப் பகுதிக்குரிய தரவுகளின் பிரதி வலையமைப்புக்கு வெளியே பேணப்பட்டிருக்கவுமில்லை. 'காப்புப் பிரதி' என்பதன் பொருள் இங்கு தெளிவாகின்றது. அசல் உறுதியையும் அதன் பிரதியையும் ஒரே அலுமாரியில் வைத்தால் தீ இரண்டையுமே எரிக்கும். ஒரு பிரதியேனும் கணினியிலிருந்து கழற்றப்பட்டு வேறிடத்தில் இருத்தல் வேண்டும். தேவையேற்படும்போது அதிலிருந்து தரவுகளை மீளப் பெற முடிகின்றதா என்பதையும் இடையிடையே பரீட்சித்துப் பார்த்தல் வேண்டும்.

இவை அனைத்தையும் செய்த பின்னரும் எஞ்சியிருப்பது மனித பலவீனம். நம்பகமானவர்போல் எழுதி இரகசியங்களைக் கறக்கும் 'பிஷிங்' எனப்படும் தூண்டில் மோசடி அதனையே குறிவைக்கின்றது. வழமையாகச் சரக்கு அனுப்பும் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில், எமது வங்கிக் கணக்கு இலக்கம் மாறிவிட்டது, இனிமேல் புதிய கணக்கிற்கே பணத்தை அனுப்பவும் என்று ஒரு மின்னஞ்சல் வரும். முகவரியில் ஓரெழுத்து மட்டுமே வேறுபட்டிருக்கும். ஏற்கெனவே தம்மிடமுள்ள இலக்கத்திற்குத் தொலைபேசி அழைப்பொன்றை எடுத்துக் கேட்டறிவதே இதற்கான மிகச் சிறந்த தற்காப்பு. அதற்கு நேரம் தேவையே அன்றிச் செலவு தேவையில்லை.

இலங்கையில் கணினிக் குற்றங்களுக்கான சட்டம் 2007 இலேயே நிறைவேற்றப்பட்டுவிட்டது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளரின் விபரங்களைப் பேணுவோர்மீது பொறுப்பைச் சுமத்துவதுடன், மீறுவோர்மீது ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கின்றது. வாடிக்கையாளரின் தகவல் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பதை எமது வர்த்தக மரபு சட்டத்திற்கு முன்னரே அறியும். ஆயினும், விளங்காத ஒன்றை எவரும் காத்துவிட முடியாது. ஆதலால் வங்கிகளும் மென்பொருள் விற்போரும் பாதுகாப்பு நிறுவனங்களும் தமது ஒப்பந்தங்களையும் அறிவுறுத்தல்களையும் வாடிக்கையாளரின் மொழியில் வழங்கக் கடமைப்பட்டுள்ளன. வர்த்தக சங்கங்கள் இதனைக் கோரிக்கையாக முன்வைப்பதுடன், சிறு வர்த்தகர்களுக்குத் தமிழில் வகுப்புகளை நடத்தவும் முன்வர வேண்டும்.

அதுவரை உரிமையாளர்கள் தம்மளவில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. விளங்காத சொல் எதிர்ப்படும்போது தலையசைக்காது, அதற்குப் பொருள் என்னவென்று கேட்பதாகும். விளக்கமளிக்க இயலாதவரிடம் கடையின் சாவியை ஒப்படைக்காத வர்த்தகர், கணினியின் சாவியையும் ஒப்படைக்க வேண்டியதில்லை.