ப்ளீஸ் ரிவர்ட்!

“ப்ளீஸ் ரிவர்ட்.” அலுவலக மின்னஞ்சலில் இந்த இரண்டு சொற்களைப் பார்க்காத நாள் உண்டா? கோலாலம்பூரோ சிங்கப்பூரோ, ‘பதில் அனுப்புங்கள்’ என்பதற்கு நாம் மரியாதையாகப் போடும் சொல் அது. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன்.

சில வருடங்களுக்கு முன், தோட்டத்தில் பால்மரம் சீவிய ஒரு பாட்டியை வானொலிக்காகப் பேட்டி கண்டேன். மனம் திறந்து பேசியவர், நான் புறப்படும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “தாத்தா குடிச்சதைப் பத்திச் சொன்னேன்ல, அதை மட்டும் எடுத்துடு கண்ணு. மகன் கேட்டா மனசு ஒடிஞ்சிடுவான்.” சரி பாட்டி என்றேன்.

சொன்னபடி அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, இங்கிலாந்தில் இருந்த ஒலித் தொகுப்பாளருக்கு அனுப்பினேன். ‘ஒரு பகுதியை வெட்டியிருக்கிறேன். இன்றைக்குள் ரிவர்ட் செய்யுங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவரும் செய்தார். வெட்டியதை மறுபடி ஒட்டிவிட்டார்! ஞாயிறு காலை நிகழ்ச்சி அப்படியே ஒலியேறியது. கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்காதது என் தப்பு.

“நீங்கள்தானே ரிவர்ட் செய்யச் சொன்னீர்கள்?” என்றார் அவர். அகராதியைத் திறந்தேன். ‘திரும்புதல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ரிவர்ட். பழைய நிலைக்கே திரும்புவதைக் குறிக்கும். குத்தகை முடிந்தால் நிலம் உரிமையாளருக்கு ரிவர்ட் ஆகும். விட்ட பழக்கத்துக்கு ஒருவர் மீண்டும் போனாலும் ரிவர்ட்தான். கணினி நிரல் எழுதுபவர்களுக்கு, செய்த மாற்றத்தை ரத்து செய்வது ரிவர்ட். ‘பதில்’ என்ற பொருள் இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் போன்ற இடங்களின் அலுவலக ஆங்கிலத்தில் புழங்குவது. நமக்குள் எழுதினால் புரிந்துவிடும். வெளியே போனால்தான் வம்பு.

இதன் பக்கத்து வீட்டுச் சொற்கள் இரண்டு: ரிப்ளை, ரெஸ்பாண்ட். கேட்டதற்குப் பேச்சிலோ எழுத்திலோ பதில் சொல்வது பெரும்பாலும் ரிப்ளை. ரெஸ்பாண்ட் அதைவிட அகலமானது. செயலும் அதில் அடங்கும். அவசர அழைப்பு வந்ததும் தீயணைப்பு வண்டி கிளம்புகிறதே, அது ரெஸ்பாண்ட். நோயாளியின் உடல் மருந்துக்கு ரெஸ்பாண்ட் செய்யும்; ரிப்ளை செய்யாது.

மறுநாள் பாட்டி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மகன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பாட்டி தேநீரை என் முன் வைத்துவிட்டு, “ஒரு இங்கிலீஷ் வார்த்தையாலயா கண்ணு?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காற்றில் போன பேச்சை ரிவர்ட் செய்யவும் வழியில்லை.

இப்போதெல்லாம் பதில் வேண்டுமென்றால் ‘ரிப்ளை’ என்றே எழுதுகிறேன். வேலை நடக்க வேண்டுமென்றால், என்ன வேலை என்பதையும் முழுதாக எழுதுகிறேன்: ‘இந்தப் பகுதி வேண்டாம். கேட்டுப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்புங்கள்.’ ஒரு வரி கூடுகிறது, அவ்வளவுதான்.