சில்லைப் பிடிக்கும் கை

இங்கிலாந்தில் வாழும் என் அக்காவின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, நீங்கள் சொன்னால்தான் அப்பா கேட்பார்” என்ற பீடிகையுடன் பேச்சைத் தொடங்கினான். அவனிடம் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்று உள்ளது. அதைப் பந்தய ஓட்டத்துக்கென்றே மாற்றியமைத்து, வார இறுதிகளில் ஓடுதிடலுக்குக் கொண்டு செல்கிறான். முன்சில்லுகளைத் தாங்கி நிற்கும் கொன்ட்ரோல் ஆர்ம் எனப்படும் கைகளைக் கழற்றிவிட்டு, உருக்குக் குழாயினால் செய்த புதிய கைகளைப் பூட்ட வேண்டுமாம். அத்தானோ, “காருடன் வந்த கைகளுக்கு என்ன குறை? இது காசைக் கரியாக்கும் வேலை” என்கிறார்.

நான் பொறியியலாளன் அல்லன். ஆயினும் பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் கட்டுகுருந்த மோட்டார் பந்தயங்களுக்குச் சென்று செய்தி எழுதியதுண்டு. அங்கே கராஜ்காரர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கற்றவை இன்னும் நினைவில் உள்ளன. எனவே இரு தரப்பையும் விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதாக வாக்களித்தேன்.

முதலில் அத்தானின் வாதம். இந்தக் காரில் ஒவ்வொரு முன்சில்லையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. அவை காரின் உடலுடன் இணையும் இடங்களில் றப்பர் புஷ்கள் உள்ளன. வீதியின் அதிர்வு உள்ளே வராமல் தடுப்பதே அந்த றப்பரின் வேலை. வீதிக்கு அது வரம். பந்தயத் திடலில் அதுவே இடைஞ்சல். ஏறத்தாழ 1000 கிலோ எடையுள்ள கார், தன் எடைக்கு நிகரான விசையுடன் பிறேக் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 70 வீதம் முன்சில்லுகளில் விழுந்தால், ஒவ்வொரு முன் டயரும் 350 கிலோ எடைக்குச் சமமான விசையால் பின்னோக்கி இழுக்கப்படும். நெம்புகோல் கணக்கின்படி கீழ்க் கையின் மீது ஏறும் சுமை அதைவிடவும் அதிகம். றப்பர் நசிகிறது, சில்லின் கோணம் பிசகுகிறது. ஓட்டுநர் வளைவின் வாசலில் நிற்கும் அதே கணத்தில் கார் அவர் எண்ணாத திசையை நாடுகிறது. ஆகவே வீதிக்கென வார்த்த கை திடலுக்கும் போதும் என்ற அத்தானின் வாதம் நிலைக்காது.

இனி மருமகனின் வாதம். புதிய கை பூட்டினால் வேகம் கூடும் என்கிறான். கை வேகத்தைத் தருவதில்லை. டயர் தரையில் சரியாகப் படிய இடமளிக்கிறது, அவ்வளவே. வளைவில் காரின் உடல் வெளிப்பக்கம் சரியும்போது டயர் தன் வெளி விளிம்பில் ஏறி நிற்கும். அதை ஈடுசெய்யவே சில்லின் மேற்பகுதியை முன்கூட்டியே உட்பக்கம் சாய்த்து வைக்கிறார்கள். இந்தக் காரின் ஆரம்பத் தலைமுறைகளில் கீழ்க் கையின் ஆணிகளைத் திருப்பியே இச்சாய்வை ஓரளவு கூட்டலாம். “அதைச் செய்து பார்த்தாயா? ஓட்டம் முடிந்து வந்ததும் டயரின் உள், நடு, வெளி என மூன்று இடங்களிலும் வெப்பத்தை அளந்தாயா?” என்று கேட்டேன். மறுமுனையில் மௌனம்.

மேலும், காரைத் தாழ்த்தியவுடன் கைகளின் கோணம் மாறிவிடுகிறது. திசைமாற்றித் தண்டின் கோணமும் உடன் மாறுகிறது. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிடின், மேடு பள்ளத்தில் ஏறியிறங்கும்போதே சில்லு தானாகத் திரும்பும். கையை மட்டும் மாற்றி இதைக் கவனியாது விட்டால், பழைய நோய் போய்ப் புதிய நோய் வந்த கதையாகும். றப்பருக்குப் பதிலாக வரும் உலோகப் பந்து மூட்டுகளோ மண்ணும் தண்ணீரும் பட்டுத் தேய்பவை. ஒவ்வொரு ஓட்டத்தின் பின்பும் அவற்றை ஆட்டிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

ஆனால் என் மனத்தை உறுத்தியது இவை எதுவுமல்ல. விலை கட்டுப்படியாகாததால், நண்பன் ஒருவனின் வேலைத்தளத்தில் குழாயை வெட்டி ஒட்டிக் கைகளைச் செய்துகொள்ளும் எண்ணமும் இருப்பதாக அவன் போகிறபோக்கில் சொன்னான். அந்த இடத்தில் நான் அவனை நிறுத்தினேன்.

1994 மே 1 ஆம் திகதி இமோலாத் திடலில் அயர்ட்டன் செனாவின் கார் தம்புரெல்லோ வளைவில் சுவரில் மோதியது. வலது முன்சில்லு பின்னோக்கி எறியப்பட, அதனுடன் வந்த சஸ்பென்ஷன் துண்டொன்று அவரது தலைக்கவசத்தைத் துளைத்தது. அந்தக் காரின் திசைமாற்றித் தண்டு, ஓட்டுநருக்கு இடம் போதவில்லை என்பதற்காக வெட்டப்பட்டு, விட்டம் குறைந்த குழாய் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அந்த மாற்றம் பிழையாகச் செய்யப்பட்டமையே விபத்துக்குக் காரணம் என 2007 இல் இத்தாலிய நீதிமன்றம் முடிவு செய்தது. அம்முடிவை ஏற்காதோர் இன்றும் உள்ளனர். எப்படியாயினும், உலகின் தேர்ந்த பொறியியலாளர்களைக் கொண்ட அணியின் ஓர் ஒட்டுவேலையே ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியதென்றால், வார இறுதி வேலைத்தளத்தின் ஒட்டுக்கு யார் பிணை?

சில்லு கழன்றால் ஆபத்து ஓட்டுபவனோடு நின்றுவிடுவதுமில்லை. 2009 ஜூலையில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹட்ச் திடலில், வேறொரு காரிலிருந்து கழன்ற சில்லு தலையில் மோதி ஹென்றி சேர்ட்டீஸ் உயிரிழந்தார். அவருக்கு வயது 18. முன்னாள் உலகச் சம்பியன் ஜோன் சேர்ட்டீஸின் மகன் அவர். போர்முலா 1 இல் 1999 முதல் சில்லுகளைக் காருடன் கயிற்றால் பிணைப்பது கட்டாயமாக்கப்பட்டது; 2011 முதல் சில்லொன்றுக்கு இரண்டு கயிறுகள் என்றாயிற்று. கழகமட்டப் பந்தயங்களில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் அந்தக் கயிறு இல்லை. அங்கே சில்லைப் பிடித்திருப்பது அந்தக் கை ஒன்றே.

எனவே என் கருத்து இதுதான். பந்தயக் காரின் முன் கை ஒருவரின் தனிப்பட்ட ஆசைப் பொருள் அன்று. அதே திடலில் ஓடுபவருக்கும் ஓரத்தில் கொடி பிடித்து நிற்பவருக்கும் நாம் கொடுக்கும் உத்தரவாதம் அது. இயந்திரத்தை எவரும் வீட்டில் பிரித்துப் பழகட்டும். பழுதானால் கார் நிற்கும், அவ்வளவே. கை அப்படியல்ல. கையால் செய்த கையுடன் வரும் காரை, யார் செய்தார், எவ்வாறு சோதித்தார் என்ற பதிவின்றித் திடலுக்குள் விடலாகாது என அமைப்பாளர்கள் விதி செய்வார்களாயின், அதைக் கெடுபிடி என்று நான் சொல்லமாட்டேன்.

மருமகனிடம் சொன்னேன்: “தம்பி, முதலில் புதிய புஷ் போட்டு, கோணத்தை அளந்து ஓடிப் பார். போதவில்லையென்றால், சோதித்து விற்பவரிடம் வாங்கு. காசு சேரும்வரை பொறு.” அத்தானிடமும் பேசினேன். மகன் கேட்பது ஆடம்பரமல்ல என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், “நல்லதாய் வாங்க எவ்வளவு முடியுமாம்?” என்று கேட்டார்.